பந்தலைப் பிரித்த காலை

என் நிக்காஹ் நடந்தபோது பள்ளிவாசல் ஹஜ்ரத் திரும்பத் திரும்பக் கேட்டும் எனக்குக் குரல் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். "தலையாட்டினா செல்லாதுப்பா, வாயத் தொறந்து சொல்லு" என்றார். கடைசியில் நான் 'கபூல், ஏற்றுக்கொண்டேன்' என்று சொன்னது பக்கத்தில் இருந்தவருக்கே கேட்டிருக்காது. கூட்டத்தில் யாரோ "மாப்ள ஊமையா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என் மனைவியின் தம்பி அந்தச் சிரிப்பை மறக்கவே இல்லை. சவூதிக்குப் போய்ச் சம்பாதித்துத் திரும்பிய பிறகும், எந்தக் கல்யாணத்தில் என்னைப் பார்த்தாலும் "எங்க மச்சான் கபூல் சொன்ன கத தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவான். கெட்ட எண்ணம் கிடையாது. நானும் சிரித்துவிட்டுச் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்துவிடுவேன்.

நான் படித்தது அஞ்சாங்கிளாஸ். வேலை உப்பளத்தில். இருட்டு விலகும் முன்பே போய்ப் பாத்தியில் இறங்கி உப்பு வாரினால் வெயில் ஏறும்போது வீட்டுக்கு வந்துவிடலாம். அங்கே பேசுவதற்கு ஒன்றும் இல்லை. அதனால் என் கூச்சம் எனக்கு ஒரு குறையாகத் தெரிந்ததில்லை, மகளுக்கு மாப்பிள்ளை அமையும் வரை.

சுனாமி வந்து ஒரு வருஷம் கழிந்திருந்தது. பாத்திகளில் பாதி இன்னும் சேறு மூடிக் கிடந்தன. மாப்பிள்ளை கிளியனூர்ப் பக்கம் மோட்டார் ரிப்பேர் செய்பவர். அவருடைய வீட்டார் எங்களைப் போன்றவர்கள்தான். எதுவும் கேட்கவில்லை. மைத்துனன்தான் ரோட்டோரத்தில் புதிதாக வந்திருந்த மண்டபத்தைப் பிடிக்கலாம் என்றான்.

"நீங்க ஒன்னும் கவலப்படாதீங்க மச்சான். மண்டபம் என் பொறுப்பு. மேடை, மைக்கு, எல்லாம் அவங்களே போட்டுடுவாங்க. பொண்ணக் குடுக்குற வார்த்தய ஹஜ்ரத்துக்கு வக்காலத்து குடுத்துட்டீங்கன்னா அவரே சொல்லிடுவாரு. நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும்."

எங்கள் வழக்கத்தில் பெண்ணின் தகப்பன்தான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, 'என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்' என்று சொல்ல வேண்டும். பேச வராதவர்கள் தங்களுக்குப் பதிலாக ஹஜ்ரத்தைச் சொல்லச் சொல்லலாம். தப்பில்லை. பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு மைத்துனன் சொன்னது பெரிய நிம்மதியாக இருந்தது.

மகள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் நான் கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது சொம்பை வாங்கித் தண்ணீர் ஊற்றியபடியே சொன்னாள்.

"மண்டபம் வேணாம் அத்தா. நம்ம வீட்டுப் பின்னாடியே வச்சுக்கலாம்."

"ஏம்மா? மாமாதான் தர்றேங்குறாரே."

"மண்டபத்துல மைக் இருக்கும். மைக்கப் பாத்தா நீங்க ஓடிடுவீங்க. இங்கன்னா நமக்குத் தெரிஞ்சவங்க மட்டும் வருவாங்க. நீங்களே சொல்லுவீங்க."

"நான் எங்கம்மா சொல்ல..."

"நீங்கதான் சொல்லணும். எனக்கு வேற எதுவும் வேணாம்."

நகை கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். இதற்குத் தலையை ஆட்டினேன்.

வீட்டின் பின்னால் இரண்டு தென்னை மரங்களும் வேலியும் கொஞ்சம் வெறும் மணலும் இருந்தன. நாற்காலி, மேஜை வாடகைக்கு எடுப்பதில்லை, எல்லோரும் பாயில் உட்காரலாம் என்று முடிவு செய்தோம். ஆனால் எங்கள் ஊர்க் காற்றில் மணல் தரையில் சோறு போட்டால் பாதி மணலைத்தான் சாப்பிட வேண்டும். தரை போட வேண்டும். சிமெண்டுக்கு வழியில்லை. எனக்குத் தெரிந்த தரை ஒன்றுதான். சுனாமியில் வீணாகிக் கிடந்த பாத்தியிலிருந்து களிமண்ணை எடுத்துக்கொள்ளச் சொல்லி அளத்துக்காரர் விட்டுவிட்டார். மீன்பாடி வண்டியில் கொண்டுவந்து கொட்டினோம். பாத்தி வேலைக்கு வரும் கூட்டாளிகள் நாலைந்து பேர் வந்து என்னோடு சேர்ந்து காலால் மிதித்தார்கள். தோளோடு தோள் சேர்த்து, ஒரே சீராக மிதிக்க வேண்டும். பாத்திக்கு அப்படித்தான் தரை கட்டுவோம்.

"இன்னா பாய், பொண்ணு கல்யாணமா, உப்பு வெளைய வைக்கப் போறியா?" என்று ஒருவன் கேட்டான்.

"தண்ணி மட்டும் கட்டிட்டோம்னா வந்தவங்களயும் சேத்து வாரிடலாம்" என்றான் இன்னொருவன்.

தினமும் மதியம் வேலை முடிந்து வந்து பார்த்தேன். தரை பலகை மாதிரி இறுகிக்கொண்டே வந்தது. மகள் வெறுங்காலோடு நடந்து பார்த்து, "மண்டபத்துத் தரையவிட இது நல்லா இருக்குது" என்றாள். கல்யாணத்துக்கு முதல் நாள் சவுக்குக் கழி நட்டு, புதுத் தென்னங்கீற்றால் பந்தல் போட்டோம். மூன்று பக்கமும் சுனாமிக்குக் கொடுத்த நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, உள்பக்கம் என் மனைவியின் புடவைகளைத் தொங்கவிட்டோம். பிரியாணி ஆக்கும் பெரிய பாத்திரம், பள்ளிவாசல் தேக்சா வந்து இறங்கியது. சமையலுக்குப் பண்டாரி வைக்கவில்லை. பிரியாணியை மனைவியும் பக்கத்து வீட்டு அம்மாவும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் அதிகாலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து பந்தலுக்குள் காலை வைத்தேன். சில்லென்றது. விடிந்த வெளிச்சத்தில் பார்த்தால் தரை முழுவதும் கறுத்து, ஈரமாக மினுமினுத்தது. என் பின்னால் வந்த மைத்துனன் வழுக்கிக் கழியைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், இது தரையா, வாய்க்காலா?"

அடுப்பில் விறகு வைத்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "தெனமும் காலைல இப்படித்தான் இருக்குது. நீங்க போறப்ப தண்ணி தெளிச்சிட்டுப் போறீங்கன்னு நெனச்சேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உப்புக் களி ராத்திரிக் காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். தினமும் நான் இருட்டிலேயே வேலைக்குப் போய்விட்டு, வெயில் அதைக் காயவைத்த பிறகுதான் வந்து பார்த்திருக்கிறேன். இப்போது அதன் மேல் கூரை போட்டு, பக்கத்தையும் அடைத்துவிட்டேன். இனி சாயங்காலம் வரைக்கும் காயாது. இத்தனை வருஷம் பாத்தியில் நின்றவனுக்கு இது தோன்றவில்லை. பாத்திக்கு நிழல் என்று ஒன்று கிடையாது. நிழலில் அந்த மண் என்ன செய்யும் என்று நான் பார்த்ததே இல்லை.

மைத்துனன் செல்போனை எடுத்துவிட்டான். "பரவால்ல மச்சான், பதறாதீங்க. மண்டபம் இன்னிக்கு சும்மாதான் இருக்குது. ஒரு போன் போட்டா மைக்கோட தொறந்து விட்டுடுவாரு. தேக்சாவ வண்டியில ஏத்திடலாம்."

பின்கதவில் மகள் நின்றிருந்தாள். மருதாணிக் கையை முன்னால் நீட்டிப் பிடித்தபடி தரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"வேணாம்" என்றேன். மைத்துனனுக்குக் கேட்கவில்லை. எண்ணை அழுத்த ஆரம்பித்துவிட்டான்.

"போன வைங்க மச்சான். பந்தலப் பிரிங்க."

மனைவி அடுப்பை விட்டு எழுந்து வந்து, "யாருங்க கத்துறது?" என்று கேட்டாள். நான்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நேத்து சாயங்காலந்தான கட்டுனோம்?" என்றான் மைத்துனன்.

"கட்டுனவனே சொல்றேன், பிரிங்க. வெயில் உள்ள வந்தா காஞ்சிடும். காஞ்சதும் திரும்பக் கட்டிக்கலாம். நிக்காஹ் இங்கதான்."

நானே கழியில் ஏறினேன். உதவிக்கு வந்திருந்த கூட்டாளிகள் கேள்வி கேட்கவில்லை. கயிற்றை அவிழ்த்துக் கீற்றைக் கீழே தள்ளினோம். தார்ப்பாயை உருவினோம். மனைவியின் புடவைகள் வேலிக்குப் போயின. கொஞ்சம் தயங்கி நின்ற மைத்துனன் சட்டையைக் கழற்றிவிட்டுக் கீற்றுகளை அடுக்க ஆரம்பித்தான். வெயில் நேராக இறங்கியது. மேல்காற்றும் சேர்ந்துகொண்டது. தரை முதலில் ஓரத்தில் வெளுத்தது. பிறகு வெளுப்பு நடுப்பக்கம் நகர்ந்தது. அப்புறம் பொடிப்பொடியாக வெள்ளையாய் உப்பு பூத்தது. பக்கத்து வீட்டு அம்மா விளக்குமாற்றை எடுத்துப் பெருக்கிக்கொண்டே, "கோலம் போட்டாப்புல இருக்குது பாய்" என்றார்.

பாதிக் கூரையைத் திரும்பக் கட்டியிருந்தபோது மாப்பிள்ளை வீட்டு வேன் வந்துவிட்டது. லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் துண்டோடு நான் பந்தல் மேல் உட்கார்ந்திருந்தேன். வேறு நாளாக இருந்தால் மறுபக்கமாக இறங்கி ஒளிந்திருப்பேன். "அஸ்ஸலாமு அலைக்கும், வாங்க வாங்க" என்று மேலிருந்தே சொன்னேன். மாப்பிள்ளையின் தகப்பனார் அண்ணாந்து பார்த்தார்.

"சம்பந்தி, நாங்க சீக்கிரம் வந்துட்டமா?"

"இல்லீங்க, கூரதான் லேட்டு. அந்தக் கீத்த இப்படிக் குடுங்க."

அவர் செருப்பை விட்டுவிட்டு ஒரு கீற்றைத் தூக்கிக் கொடுத்தார். அவருடன் வந்தவர்களும் ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். மாப்பிள்ளையை மட்டும் சட்டை அழுக்காகும் என்று யாரும் தொட விடவில்லை. இரண்டு வீட்டாரும் சேர்ந்து கட்டிய கூரையின் கீழ், காய்ந்த தரையில் கோரைப்பாய் விரித்து உட்கார்ந்தோம். மகள் பெண்களோடு வீட்டுக்குள் இருந்தாள்.

ஹஜ்ரத் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "வக்காலத்து எனக்குக் குடுத்துடுறீங்களா?" மைத்துனன் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

"இல்ல ஹஜ்ரத். நானே சொல்றேன்."

மாப்பிள்ளையின் கையைப் பிடித்தேன். குரல் வந்தது. மகளின் பெயரைச் சொன்னேன், மாப்பிள்ளை தரும் மஹர்த் தொகையைச் சொன்னேன், 'உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்' என்று முடித்தேன். ஒரு வார்த்தையும் விழுங்கவில்லை.

அடுத்து மாப்பிள்ளை சொல்ல வேண்டும். அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தலையை ஆட்டினார். பின்னால் மைத்துனன் தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது. என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளையின் கையைக் கொஞ்சம் அழுத்தினேன்.

"அவசரமில்ல தம்பி. மூச்ச விட்டுட்டுச் சொல்லுங்க."

அவர் மூச்சு விட்டார். "ஏற்றுக்கொண்டேன்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

சாப்பாட்டில் ஒரு குறை இருந்தது. கூரை பிரித்த அமளியில் பிரியாணிக்கு உப்புப் போட மறந்திருந்தார்கள். முதல் வாய் வைத்ததுமே மைத்துனன் உரக்கச் சொன்னான்.

"அளத்துல வேல செய்றவரு வீட்டுல உப்பு இல்லியாம்பா."

"இருந்த உப்பயெல்லாம் தரையில போட்டுட்டேன் மச்சான்" என்றேன்.

பந்தலே சிரித்தது. அவன்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான். நான் சொல்லி ஒரு கூட்டம் சிரித்தது அன்றுதான். எழுந்து போய் ஒரு கிண்ணத்தில் உப்பை எடுத்து வந்து பாய் பாயாகக் கொடுத்தேன். சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்துபோக வேண்டிய தேவை அன்று எனக்கு இல்லை.

வேன் கிளம்பும்போது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளது மருதாணி என் நகக்கண்களில் போகாமல் ஒட்டியிருந்த களிமண்ணில் பட்டது. நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"உள்ள வரைக்கும் கேட்டுச்சு அத்தா" என்றாள்.