எக்கோ சுவிட்ச்

1. தாமதமாக வந்த எழுத்து

கம்ப்யூட்டர் டெர்மினலில் உட்கார்ந்த முதல் நாளே எனக்குக் குழப்பம். கீபோர்டில் தட்டினால் எழுத்து உடனே திரையில் வரவில்லை. சற்றுத் தாமதித்துத்தான் வந்தது. மெஷினைப் பொருத்த மெட்ராஸிலிருந்து வந்திருந்த இன்ஜினியரிடம் கேட்டேன்.

“நீ அடிக்கிறது நேரா ஸ்கிரீனுக்குப் போகாதுப்பா. டெலிபோன் லைன்ல மெட்ராஸ் போகும். அங்க கம்ப்யூட்டர் வாங்கி, திருப்பி அனுப்பும். அதுக்குப் பேர் எக்கோ. ஸ்கிரீன்ல எழுத்து வந்தா, அங்க போய்ச் சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம்.”

எண்பதுகளின் கடைசி அது. கோழி மருந்து விற்கும் ஒரு கம்பெனியின் சேலம் கிளையில் நான் டெர்மினல் ஆபரேட்டர். பண்ணைக்காரர்கள் கேட்கும் தடுப்பூசி மருந்தை வரிவரியாக அடித்து மெட்ராஸுக்கு அனுப்புவதுதான் வேலை. பகல் பன்னிரண்டுக்குள் போய்ச் சேர்ந்தால், மருந்து வைத்த ஐஸ் பெட்டி அன்று சாயங்காலமே ரயில் ஏறி மறுநாள் காலை சேலம் வந்துவிடும். தவறினால் ஒரு நாள் தள்ளிப்போகும். மெட்ராஸ் ஏற்றுக்கொண்ட ஆர்டர்களின் பட்டியல் நாலு மணிக்குத்தான் திரைக்கு வரும்.

2. முதுகில் இருந்த சுவிட்ச்

நான் வாழப்பாடிக்காரன். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். வேகம் எனக்குக் கொஞ்சம் தலைக்கேறியிருந்தது. நான் ஒரு வரியை முடிக்கும்போது திரை பாதி வரியில் நிற்கும். எரிச்சலாக இருக்கும்.

டெர்மினலின் முதுகில் ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது. அதைத் தள்ளினால், அடிக்கிற எழுத்தை டெர்மினலே தன் திரையில் காட்டிக்கொள்ளும். கூடவே மெட்ராஸ் எக்கோவை நிறுத்த ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு எழுத்தும் இரண்டிரண்டாக வரும். இரண்டையும் செய்தேன். எழுத்து விரலோடு ஓடி வந்தது. மேனேஜர்கூட, “இன்னிக்கு லைன் நல்லாருக்குபோல” என்றார். “ஆமா சார்” என்று தொடர்ந்து அடித்தேன்.

நாலைந்து நாள் ஒரு தொந்தரவும் இல்லை.

அப்புறம் ஒரு காலை, பத்தரை மணி வாக்கில் வெண்ணந்தூரிலிருந்து பழனியம்மாள் போன் செய்தார். இரண்டு செட், அதாவது கொட்டகை, போட்டு முட்டைக்கோழி வைத்திருந்தவர். எங்கள் பழைய வாடிக்கையாளர்.

“ஏனுங்க சாமி, பக்கத்துத் தோட்டத்துல வெள்ளைக்கழிச்சல் வந்துருச்சுங்க. கோழியெல்லாம் பொத்துப்பொத்துன்னு உழுகுது. எனக்கு ரெண்டு செட்டுக்கும் மருந்து நாளைக்குக் காத்தால கையில இருக்கோணுங்க.”

“போட்டுடறேங்க.”

“நாஞ் சொன்னத ஒருக்கா திருப்பிச் சொல்லுங்க சாமி.”

எப்போது பேசினாலும் இதைக் கேட்பார். அலுத்துக்கொண்டே சொன்னேன். போனை வைத்த கையோடு அடித்தேன். வரி முழுசாகத் திரையில் நின்றது. டெர்மினலை டெலிபோன் லைனோடு இணைக்கும் மோடத்தின் விளக்கும் எரிந்தது.

நாலு மணிக்குப் பட்டியல் வரவில்லை. நாலரைக்கு மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டேன். எங்கள் மோடமும் அவர்கள் மோடமும் காலையிலிருந்து ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டுதான் இருந்தன. அங்கே மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் கேபிள் கழன்று கிடந்தது. அன்று நான் அடித்ததில் ஒரு எழுத்துகூடக் கம்ப்யூட்டருக்குப் போகவில்லை. அன்றைய ஐஸ் பெட்டிகள் எங்கள் ஆர்டர் இல்லாமலே ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டன.

 எக்கோ இருந்திருந்தால் முதல் எழுத்திலேயே தெரிந்திருக்கும். அந்த டிரங்க் காலைப் பன்னிரண்டுக்கு முன்பே போட்டிருப்பேன்.

3. காலிப் பெட்டி

மேனேஜரிடம் சொன்னேன், சுவிட்ச் உட்பட. கோபப்படவில்லை. “அந்தம்மா வந்தா லைன் ஃபால்ட்டுன்னு சொல்லி அனுப்பிடு. கேபிள் கழண்டது நிஜம்தானே?” என்றார்.

நிஜம்தான். ராத்திரியெல்லாம் அந்தப் பாதி நிஜத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் முதல் பஸ்ஸில் பழனியம்மாள் காலி ஐஸ் பெட்டியோடு வந்து நின்றார்.

“வந்துருச்சுங்களா?”

“வரலைங்க. நாளைக்குத்தான் வரும். தப்பு என்னுதுங்க.” சுவிட்சைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். “நான் அடிச்சதை நானே பார்த்துக்கிட்டு, போயிடுச்சுன்னு நெனச்சுட்டேங்க.”

அவர் திட்டவில்லை. பெட்டியைக் கீழே வைத்தார்.

“நான் உங்களையத் திருப்பிச் சொல்லச் சொன்னனே சாமி. நீங்க மெட்ராஸ்காரங்களச் சொல்லச் சொல்லலீங்களா?”

 வெட்கமாக இருந்தது. அவர் கிளம்பியதும் சுவிட்சைப் பழையபடி தள்ளி, மெட்ராஸ் எக்கோவையும் திருப்பிப் போட்டேன்.

மருந்து ஒரு நாள் கழித்துப் போனது. ஒரு செட் பிழைத்தது. இன்னொன்று மொத்தமாகப் போய்விட்டது. ஒரு நாள் முன்னால் போட்டிருந்தால் தப்பியிருக்குமா என்று எங்கள் கம்பெனி டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலை இன்றுவரை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

4. இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு

நீங்கள் எங்கோ இருக்கும் சர்வரை டெல்நெட் அல்லது எஸ்.எஸ்.ஹெச். வழியாகப் பிடிக்கிறீர்கள். அடியில் டி.சி.பி. என்ற அனுப்பும் முறை இருக்கிறது. அனுப்பும் பைட்டுக்கெல்லாம் எண் போட்டு, வாங்கியாச்சு என்ற பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். யு.டி.பி. என்ற இன்னொரு முறை அனுப்பியதோடு கை கழுவிவிடும். எங்கள் லைனில் எண்ணும் இல்லை, பதிலும் இல்லை. எக்கோ ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் நான் நிறுத்தினேன். அந்தப் பக்கம் வாங்கியதா என்று அந்தப் பக்கம்தான் சொல்ல வேண்டும். நான் கற்றது அவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்து, புதுக் குஞ்சுகளுக்கு மருந்து வேண்டும் என்று பழனியம்மாள் வந்தார். போன் செய்யவில்லை, நேரில் வந்தார். நாற்காலியைக் காட்டினேன். உட்காராமல் என் பின்னால் வந்து நின்றுகொண்டார். அடித்தேன். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பின்தங்கி வந்தன.

“இது நீங்க அடிச்சதுங்களா சாமி, மெட்ராஸ் சொன்னதுங்களா?”

கடைசி எழுத்து வரும்வரை காத்திருந்தேன்.

“மெட்ராஸ் சொன்னதுங்க.”

அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார்.