அந்தோணியின் டம்ளர்

அணைத் தண்ணீரை வீணாக்கியவர் என்று அந்தோணியின் பணிப்பதிவேட்டில் எழுதியிருக்கிறது. அது பொய். அந்தப் பொய்யை நீக்காமலே அவரைக் கல்லறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்று காலை எங்கள் ஊர் கவுஞ்சிக்கு வந்த முதல் பஸ்ஸின் கண்டக்டர்தான் சொன்னார்: “அணைக்கார அந்தோணி போயிட்டாருங்க.” பூண்டுக் காட்டில் மண் கையோடு நின்றேன்.

அவர் காவல் காத்தது, கொடைக்கானல் சின்ன ஊராக இருந்தபோது ஓடையை மறித்துக் கட்டிய மண் அணை. ஓட்டல்கள் பெருகின, கரையை உயர்த்தினார்கள். இன்னும் பெருகின, இன்னும் உயர்த்தினார்கள். அடியில் கிடந்த மண் மட்டும் பழைய மண்.

தினமும் காலையில், கரையடியில் கசியும் நீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வானத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார்.

“என்ன அந்தோணி, வெள்ளனே பூசையா?” என்பேன்.

“எல்லாக் கரையும் கசியத்தாண்ணே செய்யும். தெளிஞ்சு வந்தா நிம்மதி. கலங்கி வந்தா உள்ள மண்ணு கரையுது.”

அணை நிரம்பிய ஒரு கார்த்திகையில் டம்ளர் கலங்கியது. அலுவலகத்துக்குச் சொன்னார். கோடைக்குத் தேக்கிய தண்ணீர், சொட்டும் விடக்கூடாது என்றார்கள். மூன்று நாள் கெஞ்சினார். நான்காம் நாள் மதகை அவரே திறந்தார்.

ஓடையோரத்து என் பூண்டுப் பாத்திகளை வெள்ளம் அடித்துப் போனது. கரைக்கு ஓடினேன். “ஏலே, யாரு குடியக் கெடுக்கத் தொறந்த? நீ வெளங்குவியாலே?”

மதகுச் சக்கரத்திலிருந்து அவர் கை எடுக்கவில்லை. “பூண்ட மறுபடி நடலாம்ணே. கீழ சனம் கெடக்கு. வைய்யிறத வைஞ்சுக்கிட்டே ஒரு கை புடிங்க, வெரசா சுத்தணும்.”

வைதுகொண்டே பிடித்தேன்.

நீர் இறங்கியதும் கரையில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை தெரிந்தது. அத்தனை பெரிய அணையின் வயிற்றுக்குள் நடந்ததை ஒரு டம்ளரில் பார்த்த மனிதர் அவர்.

ஓட்டையை அடைத்தார்கள். அவரைச் சஸ்பெண்ட் செய்தார்கள். அந்தக் கோடையில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற ஊர், அவரைத் திட்டியது. பிறகு வேலை திரும்பக் கிடைத்தது; எழுதிய வரி மட்டும் அப்படியே இருந்தது.

அணை அலுவலகம் அந்த வரியை அடித்து நீக்க வேண்டும். அடித்த தாளைப் பெரிய அதிகாரியே மலையேறி வந்து அவர் மனைவி ரோசம்மாவிடம் கொடுக்க வேண்டும். ஓட்டல்காரர்கள் அடுத்த மாடி எழுப்பும் முன், கரையடியில் ஒருமுறை வந்து நிற்க வேண்டும். புதிய காவலர் தினமும் கசிவைப் பிடித்துப் பார்க்க வேண்டும். டம்ளரை ரோசம்மா என்னிடம் தந்திருக்கிறார். காவலர் வந்து கேட்கும்வரை நான் பிடித்துப் பார்ப்பேன்.

இன்று தெளிந்துதான் வந்தது.