அரைக் கட்டையில் போன ஐரிஷ் மெட்டு

நேற்று மகள் கைப்பேசியை நீட்டினாள். அயர்லாந்துக்காரர் ஒருவர் மேண்டலினில் அவர்கள் ஊர் மெட்டு வாசிக்கிறார். பாதிக் கம்பிகளை விரலால் அழுத்தாமல் திறந்தே விடுகிறார், கணீரென்று இருக்கிறது. கீழே நம்மூர்ப் புண்ணியவான் ஒருவர் எழுதியிருந்தார்: 'திறந்த கம்பியெல்லாம் கத்துக்குட்டி வேலை. தெரிந்தவன் அழுத்தித்தான் வாசிப்பான்.' எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

இதே பேச்சை இன்னொருவர் வாயால் கேட்டவள் நான். கல்யாணத்துக்கு முன்னால் நாமக்கல்லில், பகலில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஆபீசில் போன் எடுப்பேன். சாயங்காலம் மெல்லிசைக் குழுவில் மேண்டலின். பெரிய வித்வாம்சம் என்று நினைத்துவிடாதீர்கள். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே நாலு வரி வாசிப்பேன், அவ்வளவுதான். பாடகர் தொண்டைக்குத் தகுந்தபடி சுருதி மாறிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் அழுத்தி வாசித்தால் கையை அப்படியே நகர்த்திக்கொள்ளலாம். திறந்த கம்பியின் சுருதி நகராது.

அப்போதுதான் பிரவுசிங் சென்டரில் ஓர் ஐரிஷ் மெட்டு அகப்பட்டது. ரெண்டு கட்டைச் சுருதி. அழுத்தி வாசித்துப் பார்த்தேன், உப்பில்லாத சோறு. கம்பியைத் திறந்துவிட்டால்தான் ஒரு நாதம் அடங்குமுன் அடுத்தது வந்து சேர்ந்துகொண்டது. அதைச் சொந்தமாக ஒரு மேடையில் வாசித்துவிட வேண்டும் என்று வெறியே பிடித்துவிட்டது. குழுத் தலைவர் கேட்டுவிட்டு, "நல்லாருக்குது அம்மிணி. ராசிபுரத்து நோம்பியில ஒருக்கா வாசிச்சுரு" என்றார்.

ராசிபுரத்துக் கோயில் திருவிழாவில் பாடகருக்குச் சளி. தலைவரின் மச்சான்தான் கீபோர்டு. அவருக்காகச் சுருதிப் பொத்தானை அமுக்கி அரைக் கட்டை இறக்கியவன், என் முறை வந்தபோது திரும்ப ஏற்ற மறந்துவிட்டான். நான் ரெண்டு கட்டையில், அவன் ஒன்றரையில். தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி இருந்தது. மைதானமே சிரித்தது. தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"புள்ளைக்கு இன்னும் கம்பி அழுத்தத் தெரியலீங்க, மன்னிச்சுக்குங்க. அடுத்த பாட்டுக்குப் போலாமுங்க."

என் மைக்கின் சத்தத்தை இறக்கச் சொல்லி மைக்செட்காரருக்குக் கை காட்டினார்.

மேடைக்குப் பின்னால் அவரைப் பிடித்துக்கொண்டேன். "பொத்தான் எறங்கியே இருந்துச்சுங்கண்ணா. நீங்க பாக்கலீங்களா?"

"பாத்தேன். அழுத்தி வாசிச்சிருந்தா நீ எறங்கி வந்திருக்கலாமில்ல? தொறந்த கம்பியெல்லாம் கத்துக்குட்டிக்கு அம்மிணி. மச்சான மேடையில வெச்சு நா என்னன்னு சொல்றது?"

பார்த்தாராம். பார்த்துவிட்டுத்தான் சொன்னாராம். மச்சான் உடைத்தால் மண்குடம், நான் உடைத்தால் பொன்குடம். இதில் நான் உடைக்கவே இல்லை.

அதன் பிறகு குழுவில் இருந்தவரை ஒரு கம்பியையும் திறந்து விடவில்லை. ஒருவரும் குறை சொல்லவில்லை. இப்போது குழுவே இல்லை, நோம்பிக்கு டிஜே வைக்கிறார்கள். தலைவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள், நான் திட்டுவேன்.

இன்று காலை மேண்டலினை எடுத்து அந்த மெட்டை வாசித்துப் பார்த்தேன். மூன்றாவது வரிக்கு மேல் வரவில்லை. அன்று என் மைக்கை இறக்கிய இடம் அது.