எடுக்காமல் விட்ட ஸ்கேன்

வேண்டாம் என்று சொன்னது நான்தான்.

என் கணவருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று பயாப்ஸியில் தெரிந்தபோது மகள் கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. ஸ்ரீரங்கத்திலேயே மண்டபம் பிடித்து, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. சி.டி. எடுத்தோம், எலும்பு ஸ்கேன் எடுத்தோம். இரண்டிலும் வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை. ஆனாலும் தென்னூரில் நாங்கள் பார்த்த டாக்டருக்குத் திருப்தியில்லை.

"இது கொஞ்சம் வேகமான வகைங்க. பெட் ஸ்கேன் ஒண்ணு எடுத்துடலாம். ஊசியில ஒரு மருந்து போடுவாங்க. இந்த கேன்சர் செல் உடம்புல எங்க இருந்தாலும் அது போய் ஒட்டிக்கும். மத்த ஸ்கேன்ல தெரியாததுகூடத் தெரியும்."

என் கணவர் என்னைப் பார்த்தார்.

"ரெண்டுலயும்தான் ஒண்ணும் இல்லையே. இன்னும் எத்தனை தரம் படம் பிடிப்பா? சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிண்டா கல்யாணத்துக்குள்ள எழுந்துண்டுடுவேள்" என்றேன். டாக்டர் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

சுரப்பியை எடுத்தார்கள். அதன்பின் சிறுநீர் அவர் கட்டுப்பாட்டில் இல்லை. பஞ்சகச்சத்துக்குள் டயப்பர் போட்டுக்கொண்டுதான் கல்யாணத்துக்கு வந்தார். கன்னிகாதானத்தில் பெண்ணை மடியில் உட்காரவைக்க வேண்டிய நேரம். "என்னால முடியாது. நனைஞ்சுடும்" என்று என் காதோடு சொன்னார். அவள் பெரியப்பா மடியில் உட்கார்ந்தாள். அப்பாவுக்கு முதுகுவலி என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன்.

சுரப்பியை எடுத்தபின் ரத்தத்தில் அது சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதம் ஏறக்குறைய இல்லாமல் போக வேண்டும். போகவில்லை. அப்போதுதான் பெட் ஸ்கேனுக்குப் போனோம். இடுப்பெலும்பில் ஒன்று, முதுகெலும்பில் இரண்டு என்று புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன.

"அப்பவே இருந்துதா டாக்டர்?"

"இருந்திருக்கலாம்மா. உறுதியா சொல்ல முடியாது. தெரிஞ்சிருந்தா ஆபரேஷனுக்கே போயிருக்க மாட்டோம். ஊசி, மாத்திரைன்னு ஆரம்பிச்சிருப்போம்."

அதே ஊசியும் மாத்திரையும்தான் இப்போது நடக்கின்றன. நோய் அடங்கியிருக்கிறது. டயப்பரும் இருக்கிறது.

அவர் என்னை ஒருநாளும் திட்டியதில்லை. திட்டியிருக்கலாம். போன மாதம், அவரோடு காலையில் நடக்க வருகிறவர், தனக்கும் இதே நோய் என்று யோசனை கேட்க வீட்டுக்கு வந்தார். நான் காபி கொண்டுபோனேன்.

"பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னா மறுபேச்சு இல்லாம எடுத்துடுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார் என் கணவர். "ஆத்துல யாரையும் கேக்காதீங்கோ."

வந்தவர் என்னைப் பார்த்தார். நான் காபியை வைத்துவிட்டு உள்ளே போனேன்.