பிறந்த வீட்டுக் கோடி

அக்கா போய்விட்டாள் என்று விடிகிற நேரத்தில் போன் வந்தது. மாரடைப்பு. முதல் நாள் சாயங்காலம்தான் என்னிடம் பேசினாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தேன் என்றாள். மாஸ்க் போடாமல் வெளியே போகாதே என்று ஏசினாள். அதுதான் கடைசிப் பேச்சு என்று யாருக்குத் தெரியும்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது கீழே போடிக்குப் பக்கத்தில். நான் மலைமேல் சாந்தன்பாறையில் ஒரு ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் வேலை பார்க்கிறேன். பறித்து வருகிற பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்துகிற கட்டடத்தைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். அடுப்புக்கு விறகு தள்ளுவதும், தட்டுகளைப் புரட்டுவதும், காய்ந்ததைத் தேய்த்துச் சுத்தம் செய்வதும் என் வேலை. இருக்கிற வீடும் ஸ்டோரை ஒட்டித்தான். நான் ஊருக்குப் போனால் தெருமுனையில் திரும்பும்போதே அக்காவுக்குத் தெரிந்துவிடும். அடுப்படியில் இருந்தபடியே, "தம்பி வந்துட்டான் பாரு, ஏலக்கா வாசம் வருது" என்பாள். பிள்ளைகள் ஓடிவந்து பார்த்தால் நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பேன்.

எங்களில் ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை போகவேண்டும். அதைப் போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். கொண்டுபோக வேண்டியவன் கூடப்பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபின் அக்காவுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது நான் ஒருவன்தான். அக்கா மகன் போனில் அழவில்லை. 

"மாமா, கூட்டம் சேரக்கூடாது, பொழுதுக்குள்ள எடுத்துருங்கன்னு ஆபீசர் வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு. நீங்க வந்துருவீகள்ல?"

வந்துவிடுவேன் என்றேன். வேறென்ன சொல்வது.

அந்த ஊரடங்குக் காலத்தில் கடைகள் சாத்தியிருந்தன. புதுச் சேலைக்கு எங்கே போவது என்று நான் நிற்கும்போதே என் மனைவி டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். பொங்கல் சீருக்கென்று அக்காவுக்கு எடுத்த பச்சைச் சேலை, அரக்குக் கரை போட்டது, மடிப்புக் கலையாமல் இருந்தது. பாதை திறக்கட்டும், நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம் என்று வைத்திருந்தோம். மச்சான் உயிரோடு இருக்கிறார், அக்கா சுமங்கலியாகப் போகிறாள், அதனால் கலர் சேலைதான் போர்த்தவேண்டும். அதையே பையில் போட்டுக் கொடுத்தாள். 

எந்தக் காரியத்துக்குக் கிளம்பினாலும் முருகன் படத்தின் முன்னால் நின்று திருநீறு பூசாமல் நான் படியிறங்கியது கிடையாது. அன்றைக்குத் தீட்டு. படத்தின் பக்கம் போகக்கூடாது. வாசலில் நின்று, முருகா, இந்தச் சேலையை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்று மனசுக்குள் கேட்டேன். வெறும் நெற்றியோடு நடந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மாநில எல்லையில் இருக்கிற போடிமெட்டுச் செக்போஸ்டில் டெஸ்ட் எடுத்த சீட்டு இல்லாமல் யாரையும் கீழே விடவில்லை. சாவுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் உடனே முடிவு தெரிகிற டெஸ்ட் போதும் என்று எங்கள் பக்கத்து வீட்டு ஜீப் டிரைவர் விசாரித்து வைத்திருந்தார். அவரே என்னை லேபுக்கு அழைத்துப் போனார்.

லேபு வாசலில் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு வட்டத்தில் நின்றோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. குடை வைத்திருந்தவர்களும் அடுத்தவரைக் குடைக்குள் கூப்பிடவில்லை. யாராவது இருமினால் முன்னால் நிற்பவர் தோளைச் சுருக்கிக்கொண்டார். நான் பையை வேட்டி மடிப்புக்குள் நனையாமல் அணைத்துக்கொண்டு நின்றேன்.

ஜன்னலுக்குள் தலையிலிருந்து கால்வரை பிளாஸ்டிக் அங்கி போட்ட ஒரு மலையாளப் பெண் இருந்தாள். கண் மட்டும்தான் தெரிந்தது. காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, மூச்சு முட்டுகிறதா என்று வரிசையாகக் கேட்டாள். இல்லை இல்லை என்றேன். பிறகு மூக்கைத் தொட்டுக் காட்டி, "மணம் அறியுன்னுண்டோ சேட்டா?" என்றாள்.

எங்கள் பக்கத்தில் மணம் தெரிகிறதா என்று யாராவது கேட்டால் அது ஏலக்காயைப் பற்றித்தான். ஸ்டோரைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் எல்லாரும் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டு என்னிடம் அதைத்தான் கேட்பார்கள். நானும் ஒரே பதிலைச் சிரித்துக்கொண்டே சொல்வேன். அந்தச் சூட்டிலும் புகையிலுமே கிடக்கிறவர்களுக்கு அந்த வாசம் மூக்கில் ஏறுவதில்லை. எண்ணெய் காய்கிற மணம், மழை மணம், சாம்பிராணி எல்லாம் தெரியும். ஏலக்காய் மட்டும் தெரியாது. என்னோடு வேலை பார்க்கிற எல்லாருக்கும் அப்படித்தான். வருஷக்கணக்காகச் சொன்ன வாய், அன்றைக்கும் தானாகச் சொல்லிவிட்டது.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா."

அவள் கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தைத் தட்டினாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

உள்ளே நாற்காலியில் உட்காரவைத்து மூக்குக்குள் குச்சியை விட்டார்கள். அது மூளைவரை போகிற மாதிரி இருந்தது. கண்ணில் நீர் முட்டியது. காலையிலிருந்து நான் அழவில்லை, அழ நேரமில்லை. அங்கே குச்சி போட்டுக்கொண்ட எல்லாருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது, யாரும் யாரையும் பார்க்கவில்லை. அதனால் நானும் கண்ணீரை அடக்கவில்லை. குச்சி போட்ட பெண், "கழிஞ்ஞு, கழிஞ்ஞு" என்று முதுகைத் தட்டுகிற மாதிரிக் கையைத் தூக்கி, தொடாமல் இறக்கிக்கொண்டாள். முடிந்துவிட்டது என்று ஆறுதல் சொல்கிறாள். நான் எதற்கு அழுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

முடிவு சீக்கிரமே வந்தது. நோய் இல்லை. கையை நீட்டினால் சீட்டைத் தரவில்லை. உள்ளேயிருந்து தமிழ் தெரிந்த ஒருவர் வந்தார். மணம் தெரியாமல் போவதும் இந்த நோயின் அறிகுறியாம், அப்படிச் சொன்னவர்களுக்கு இந்த டெஸ்டில் இல்லை என்று வந்தாலும் நம்பக்கூடாதாம். இன்னொரு டெஸ்டுக்கு எடுத்து வெளியே அனுப்பவேண்டும், அது வர நாளைக்கு ஆகும், அதுவரை வீட்டில் தனியாக இருக்கவேண்டும் என்றார்.

அப்போதுதான் எனக்கு நடந்தது விளங்கியது. ஸ்டோரைச் சொன்னேன், சூட்டைச் சொன்னேன், ஏலக்காய் மட்டும்தான் தெரியாது என்று சொன்னேன். பையைத் திறந்து சேலையைக் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. முழுசாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"அண்ணாச்சி, சீட்டு வேணும்னா எல்லாரும் முதல்ல சொன்னத மாத்தித்தான் சொல்றாங்க. நான் யாரை நம்பி அனுப்பறது? கீழ போய் அந்த வீட்ல பத்துப் பேருக்கு வந்துச்சுன்னா?"

 மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தேன். மறுபடி குச்சி.

வெளியே வந்து டிரைவரிடம் சொன்னதும் அவர் இரண்டு எட்டுப் பின்னால் போனார். பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. "அண்ணே, நீங்க நடந்தே வீட்டுக்குப் போயிருங்க. சேலைய நான் கொண்டுபோறேன். பைய அந்த பானட்ல வச்சிட்டுத் தள்ளிக்கங்க" என்றார். வைத்தேன். பாட்டிலை எடுத்துப் பையின் மேல் சானிடைசரை அடித்தார், உள்ளேயும் இரண்டு தரம் அடித்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கும் சின்னப் பிள்ளைகள். அக்கா மகனுக்குப் போன் போட்டு, செக்போஸ்டுக்கு மேலே ஏறிவந்து வாங்கிக்கொள் என்றேன். அவன் "அப்ப நீங்க வரலையா மாமா" என்று மட்டும் கேட்டான்.

வீட்டில் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மழை வலுத்துப் போனில் டவர் போய்விட்டது. சேலை போய்ச் சேர்ந்ததா, அதற்குள் எடுத்துவிட்டார்களா, ஒன்றும் தெரியவில்லை. அக்காவைப் பிறந்த வீட்டுத் துணி இல்லாமல் அனுப்பிவிடாதே என்று திரும்பத் திரும்ப அதையே வேண்டினேன். வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. பொழுது சாய்கிற நேரம் டிரைவர் ரோட்டில் நின்று கத்தினார்: கேட்டுக்கு இந்தப் பக்கமிருந்து கொடுத்தேன், பையன் வாங்கிக்கொண்டு பைக்கில் பறந்தான், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

விளக்கு வைத்த பிறகுதான் போன் அடித்தது.

"சேந்துருச்சு மாமா. தூக்கப் போற நேரத்துக்கு வந்துட்டேன்." மூச்சு வாங்கினான். "பொம்பளைகள் யாரும் தொடமாட்டேனுட்டாக. ஒங்களுக்கு மணம் தெரியலன்னு எப்படியோ பரவிருச்சு. அப்பாதான் எந்திரிச்சு வந்து வாங்கிப் பிரிச்சுப் போத்துனாரு."

நான் ம் என்றேன்.

"பிரிச்சதும் ஒரே ஏலக்கா வாசம் மாமா. அத்தன மருந்து அடிச்சும் போகல. அதுவரைக்கும் கல்லு மாதிரி இருந்த அப்பா அப்பத்தான் அழுதாரு. ஒன் தம்பி வந்துட்டான்டின்னு அம்மா காதுல சொன்னாரு."

மறுநாள் லேபிலிருந்து செய்தி வந்தது. நோய் இல்லை. இனி எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

அறையை விட்டு வந்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்து, சேலை இருந்த இடத்தில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தேன். என் மனைவி பார்த்துக்கொண்டுதான் நின்றாள். இரும்பு வாடை வந்தது, கற்பூர உருண்டை வாடை வந்தது. மற்றது வரவில்லை.