தக்காளி பறிக்க நைனா நம்பர் எதற்கு?

இன்று தளவானூர் போகும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் போனில் என் விவசாய விளையாட்டைத் திறந்தேன்.

தக்காளி பழுத்து நின்றது. பறிக்க விடவில்லை. புது அப்டேட்டாம். என் போனில் உள்ள எல்லா நம்பர்களையும் பார்க்க அனுமதித்தால்தான் மேலே ஆட விடுமாம்.

பக்கத்து சீட் அக்கா எட்டிப் பார்த்தார். "ஓகே குடுத்துடும்மா. எல்லாரும் குடுக்கறாங்க."

"தக்காளி பறிக்க எங்க நைனா நம்பர் இன்னாத்துக்குக்கா?"

"அவருக்கு இன்னா தெரியப்போவுது?"

அதுதான் உறுத்தியது. நைனா, டீச்சர், பால்காரர் எல்லாரும் என்னை நம்பிக் கொடுத்த நம்பர்கள். அவர்களைக் கேட்காமல் தூக்கிக் கொடுக்க நான் யார்?

ஒரு வருடம் வளர்த்த தோட்டம், கிணறு, மாடு எல்லாவற்றையும் கேமோடு சேர்த்து அழித்தேன்.

அக்கா பதறிவிட்டார். "மாடு கூடவா போச்சு?"

"போச்சுக்கா."

கொஞ்ச நேரம் கழித்துத் தன் போனை நீட்டினார். "நான் பலூன் உடைக்கிற கேம் ஆடறேன். அது என்கிட்ட இன்னா வாங்கி வச்சிருக்குதுன்னு பாரு."

மைக்கைப் பயன்படுத்த அனுமதி வாங்கி வைத்திருந்தது.

"பலூன் உடைக்க நான் பேசறத எதுக்குக் கேக்குது? நிறுத்து அத."

நிறுத்தினேன்.

யார் நம்பரையும் கேட்காத விவசாய விளையாட்டு தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள். கிணறு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மாடு கட்டாயம் வேண்டும். நாளைக்கும் அதே பஸ்தான், அக்கா விசாரிப்பார்.