இடது முன்சக்கரம்

எங்கள் கார் சத்தம் போட ஆரம்பித்தது போன வருடம் ஆயுத பூஜை முடிந்த வாரத்தில். பிரேக்கை லேசாகத் தொட்டால் தகரத்தில் ஆணியை வைத்து இழுத்தது போல ஒரு கீச்சு. ஓங்கி மிதித்தால் வராது. சீவலப்பேரியிலிருந்து பாளையங்கோட்டை போய்ச் சேர்வதற்குள் எத்தனை வேகத்தடை இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எண்ணிவிடலாம்.

நான் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். ஓடுகிற மோட்டார் மேல் ஸ்குரூடிரைவர் முனையை ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்தால் எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். ஊரார் மோட்டாரை எல்லாம் பார்த்தேன். சொந்தக் காரை நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். நாலு மாதம் நாளைக்கு என்றேன். சத்தம் வரும்போதெல்லாம் காரைத் திட்டினேன், பக்கத்தில் யார் இருந்தார்களோ அவர்களையும் சேர்த்துத் திட்டினேன். பக்கத்தில் இருந்தது பெரும்பாலும் என் மனைவிதான்.

மாசியில் ஒரு மத்தியானம் அவளுக்கு நெஞ்சில் வலி வந்தது. நாங்குநேரியில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் இரண்டு நாள் தங்க வந்திருந்தாள். பின்சீட்டில் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஓட்டினேன். பயந்துபோயிருந்தேன். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். ஒவ்வொரு வேகத்தடையிலும் கார் கீச்சிட்டது. அதிலேறி இறங்கும்போது பின்னால் என் மனைவி முனங்கினாள். கீச்சு, முனங்கல், கீச்சு, முனங்கல். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்:

“வண்டி கத்துதது பத்தாதா? நீ வேற முனங்காத.”

அவள் அதற்குப் பிறகு முனங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே வந்தாளாம். மகள்தான் பிறகு சொன்னாள். உள்ளே போனதும் தொண்டையில் குழாய் போட்டுவிட்டார்கள். பேச்சில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள். ஆக, நான் அவளிடம் கடைசியாகப் பேசியது அந்த வார்த்தைதான்.

பதினாறாம் நாள் முடிந்ததும் மகள் நாங்குநேரிக்குப் போனாள். அப்புறம் வரவே இல்லை. போன் செய்தால் எடுப்பாள், சாப்பிட்டீங்களா என்பாள், வைத்துவிடுவாள். போன பிறகுதான் அவள் உண்டாகியிருப்பது தெரிந்தது. அவள் அம்மாவுக்கு அது தெரியாமலே போயிற்று.

ஆவணியில் ஏழாம் மாதம். வளைகாப்புப் போட்டு, பிள்ளைப்பேற்றுக்குப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிவருவது எங்கள் வழக்கம். அம்மா இல்லாத வீடுதான். என் அக்கா வந்து கூட இருந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். நான் மகளுக்குப் போன் செய்து கூப்பிட்டேன். அவள் சொன்னாள்:

“அந்தக் காரு சத்தத்தக் கேட்டுக்கிட்டு என்னால வர முடியாதுப்பா.”

சத்தம்தானே என்று நினைத்தேன். சத்தம் என்றால் என் தொழில். வாடகைக் கார் பிடித்துப் போகலாம் என்று அக்கா சொன்னாள். முடியாது என்றேன். என் மகளை என் காரில்தான் கூட்டிவருவேன், சத்தமில்லாமல் கூட்டிவருவேன் என்று வீம்பாகச் சொன்னேன்.

மறுநாள் காலையில் காரை நெல்லு மில்லின் மதில் ஓரமாகப் பைய ஓட்டிப் பார்த்தேன். கண்ணாடிகளை இறக்கிவிட்டால் சத்தம் மதிலில் பட்டுத் திரும்பி வரும், எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். மதில் வலப்புறம் இருந்தபோது அவ்வளவாக இல்லை. திரும்பி வந்தேன், மதில் இடப்புறம், காதைக் கிழித்தது. இடது முன்சக்கரம். பிரேக் பேடு தேய்ந்திருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போய் முன்பக்கம் இரண்டுக்கும் புது பேடு கேட்டேன். கடை அண்ணாச்சிக்கு என்னை இருபது வருடமாகத் தெரியும். “மோட்டாருக்குக் காயில் கட்டுதவருக்கு பிரேக்கு பேடு எதுக்கு வே? பார்த்து, பேடுலயும் கம்பியச் சுத்திராதியும்,” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டு முன்னால் பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை இளக்கிவிட்டு, ஜாக்கியில் தூக்கிக் கழற்றினேன். உள்ளே பளபளவென்று இரும்புத் தட்டு. அதைக் கவ்விப் பிடிக்கிற பிடிப்பானில் இரண்டு போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கி, பிரேக் குழாயில் தொங்கிவிடாதபடி செம்புக் கம்பியால் ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கட்டினேன். பேடுகளை உருவிப் பார்த்தேன். தேயவே இல்லை. பாதிக்கு மேல் இருந்தது. ஆனால் முகம் தோசைக்கல் மாதிரி கறுத்து மினுங்கியது. வலது சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தேன். அங்கே பேடு சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக, இருக்க வேண்டியபடி இருந்தது. இடது பேடை உப்புத்தாளில் தேய்த்தேன். காந்திய தேங்காய் எண்ணெய் வாடை வந்தது.

பிரேக்கில் தேங்காய் எண்ணெய் எப்படி வரும்? எவன் செய்த வேலை என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே பிடிப்பானைத் துணியால் துடைத்தேன். கரித்தூசி போனதும் அதன் முதுகில் ஒரு பொட்டு தெரிந்தது. சந்தனம், நடுவில் குங்குமம். பிரேக் சூட்டில் வெந்து செங்கல் மாதிரி இறுகியிருந்தது. ஒரு விரல் அகலம்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆயுத பூஜையன்று அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பஞ்சர் ஒட்டக் கொண்டுபோயிருந்தேன். கார் ஜாக்கியில் நின்றது. எங்கள் வீட்டில் அன்றைக்கு என் மனைவி அரிவாள், மண்வெட்டி, என் ஸ்பேனர்கள் என்று எல்லா இரும்பையும் கழுவித் துடைத்து, துருப்பிடிக்காமல் தேங்காய் எண்ணெய் தடவி, பொட்டு வைப்பாள். நான் திரும்பி வந்து சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று சொன்னாள்:

“இங்கேருங்க, சக்கரத்துக்கு உள்ள இரும்பு வெறுசாக் கெடந்துச்சு. அதுக்கும் எண்ணெ தடவிட்டேன்.”

நான் “ம்” என்றேன். இதுவும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு நட்டு மாட்டாமல் வழுக்கிக்கொண்டிருந்தது, எரிச்சலில் “ம்” என்றேன். அவள் மறைக்கவில்லை. செய்ததைச் செய்த கையோடு வந்து சொல்லியிருக்கிறாள். அந்த நேரத்தில் பெட்ரோலில் நனைத்த துணியால் ஒரு துடை துடைத்திருந்தால் முடிந்தது. கார் கத்தியிருக்காது. கார் கத்தாதிருந்தால் நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. என் வாயை எனக்குத் தெரியும். வேறு எதையாவது சொல்லியிருப்பேன்.

வெயில் ஏறும்வரை அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து மிச்ச வேலையைச் செய்தேன். தட்டைப் பெட்ரோலால் இரண்டு முறை துடைத்தேன். பிடிப்பான் நகர்கிற இரண்டு பின்களையும் உருவி, பழைய கிரீஸை வழித்துப் புதுசு வைத்தேன். இரண்டு பக்கமும் புது பேடு. பொட்டை மட்டும் தொடவில்லை. சக்கரங்களை மாட்டி, பெடல் கெட்டியாகும்வரை மிதித்துவிட்டு ரோட்டில் எடுத்தேன். மில் மதில் ஓரமாகப் பத்துத் தடவை போய் வந்தேன். ஒரு சத்தம் இல்லை.

மறுநாள் நாங்குநேரிக்குப் போனேன். கார் வாசலில் நின்றது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கூப்பிட்ட பிறகுதான் மகள் வந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடந்து வந்தாள். அவள் அம்மாவும் இவளைச் சுமந்தபோது அப்படித்தான் நடந்தாள். சத்தம் போயிட்டு, ஏறிப் பாரு என்றேன். ஏறினாள். பின்சீட்டில் உட்காரவில்லை, முன்னால் உட்கார்ந்தாள். தெருக்கோடி வேகத்தடை வரை போய் பிரேக்கை லேசாகத் தொட்டேன், ஏறி இறங்கினேன், திரும்பி வந்தேன். எப்படி, என்கிற மாதிரி அவளைப் பார்த்தேன்.

“சத்தத்த நிறுத்திட்டீங்கப்பா,” என்றாள். “அம்மாவும் அன்னைக்கு நீங்க ஒரு சொல்லு சொன்னதும் நிறுத்திட்டாள்லா.”

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“எனக்கு வலி வந்தா நான் கத்தணும்பா. நம்ம வீட்டுல என்னால கத்த முடியாது. இங்கனயே இருந்துக்கிடுதேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது தெரியும். எண்ணெய் விஷயம் நாக்கு நுனி வரை வந்தது. சக்கரத்தைக் கழற்றி அந்தப் பொட்டைக் காட்டலாம் என்றுகூடத் தோன்றியது. எப்படிச் சொன்னாலும் உன் அம்மா செய்த தப்பு என்றுதான் அவள் காதில் விழும். விழுங்கிவிட்டேன்.

சாப்பிட்டுப் போங்க என்றாள். உள்ளே போய்ச் சாப்பிட்டேன். கேட்காமலே இரண்டாம் தடவை குழம்பு ஊற்றினாள். சரி, வாரேன் என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினேன்.

பாளையங்கோட்டை தாண்டி சீவலப்பேரி ரோட்டில் திரும்பினேன். அத்தனை வேகத்தடையிலும் கார் வாயைத் திறக்கவில்லை. பின்சீட்டிலிருந்து யாராவது லேசாக முனங்கியிருந்தால்கூட எனக்குக் கேட்டிருக்கும்.